பிஸ்கட் டின்

அலாத் துறைமுகத்தில் கால அட்டவணை கிடையாது.
லாரிகள் நிறைந்தால் கப்பல் கிளம்பும்,
காற்று விட்டால்.
எப்போது என்று கேட்பவர்களுக்கு
சீட்டு விற்கும் எல்தனிஸ்
காஸ்பியன் பக்கம் கைகாட்டுவான்,
அதையே கேள் என்பதுபோல்.

என் வேலை படுக்கை விரிப்பு கொடுப்பது.
ஆளுக்கு ஒரு விரிப்பு, ஒரு தலையணை உறை.
துண்டு, கேட்டால் மட்டும்.
பதிலுக்குக் கடவுச்சீட்டை வாங்கி
டின்னில் போட்டுவிடுவேன்.
மூடியில் பனிவண்டி ஒன்று, இரண்டு குதிரைகள்.
உள்ளே
ஜார்ஜியாவின் மேல் துருக்கி
துருக்கியின் மேல் தாஜிகிஸ்தான்
பக்கவாட்டில் செருகிய ஒரு பல்கேரியா.
எல்லாவற்றிலும் பழைய வெண்ணெய் வாசம்.

இந்த முறை ஓட்டுநர்கள் பதினெட்டுப் பேர்.
பெண் ஒருத்தி, சனோபர்.
மூன்று தளமும் தன் பெட்டியைத் தானே தூக்கி வந்தாள்.
அக்டாவில் யார் இருக்கிறார்கள் என்றேன்.
"கணவர்."
விரிப்பை உதறிப் போட்டுவிட்டு,
"இருந்தவர்."

விடிந்தால் குரிக் தெரிந்தது:
நான்கு கிரேன், ஒரு மஞ்சள் சுவர், பிறகு மண்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொன்னவன்
இந்தப் பக்கம் வந்ததேயில்லை.
இங்கே இரண்டு கரையும் ஒட்டக நிறம்.

வடக்கிலிருந்து காற்று.
கேப்டன் நங்கூரம் போடச் சொன்னார்.

முதல் நாள் சீட்டாட்டம்.
இரண்டாம் நாள் சீட்டாட்டத்தில் சண்டை.
கப்பல் கொஞ்சம் கரைப்பக்கம் திரும்பினால் போதும்,
எல்லோர் சட்டைப்பையிலும் போன் துடிக்கும்:
கஜகஸ்தானுக்கு நல்வரவு.
மறுபடி திரும்பும். மறுபடி நல்வரவு.
ஒரு துருக்கிக்காரர் போனைக் கடலில் எறியப்போய்
கடைசி நொடியில் தொப்பியை எறிந்தார்.

மூன்றாம் நாள்
நுக்சாரின் லாரியில் வெங்காயம் முளைத்தது.
இருபது டன்.
சாக்குக் கண்ணெல்லாம் பச்சை விரல்கள்.
"வயல் விலைக்கு! கடல் நடுவே வயல்!"
கத்திவிட்டு அவனே சிரித்தான்.
அப்புறம் லாரிக்குப் பின்னால் போனவன்
நெடுநேரம் வரவில்லை.

அன்றிரவு குல்யாஷ் அண்டா வைத்தாள்.
நறுக்க சனோபர் வந்தாள்.
இரண்டு மூட்டை. கண்ணைத் துடைக்கவேயில்லை.
கத்தி நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள்:
பெட்டியில் அவர் குளிர்கோட்டு, ஏழு சட்டை,
சவரக் கிண்ணம்.
நேரில் கொடுத்துவிட வேண்டும்.
"கொடுத்துவிட்டு?"
"அதுவரைக்கும்தான் யோசித்தேன்."

நான்காம் நாள் விடியலில் காற்று ஓய்ந்தது.
டின்னைத் திறந்து பெயர் பெயராய்க் கூப்பிட்டேன்.
பதினெட்டும் போயின. அடியில் அவளுடையது.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்,
விரிப்பு நான்காக மடித்து மடியில்.
இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.
பதினொரு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை.
திரும்புவதற்குத் தனிக் கட்டணம் என்றேன்,
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
கடவுச்சீட்டைப் புரட்டினாள்.
வெளியேறினாள் என்று ஒரு முத்திரை.
எங்கே நுழைந்தாள்? தாள் வெள்ளை.
அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு
பணத்தை எண்ணினாள்.

பெட்டியை இறக்கட்டுமா என்று நுக்சார் வந்தான்,
அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு.
பூட்டைத் திறந்து கோட்டை எடுத்து நீட்டினாள்.
தோள் இறுக்கம். பொத்தான் எட்டவில்லை.
அப்படியே போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்
முளைத்த இருபது டன்னோடு
சுங்க அதிகாரியைப் பார்க்க.

திரும்பும்போது ரயில் பெட்டிகள்தான் சரக்கு.
ஓட்டுநர் இல்லை, சீட்டுக்கட்டு இல்லை.
அவளுக்குப் புது விரிப்பு கொடுத்தேன்,
கேட்காமலே துண்டும்.

டின்னில் ஒன்றே ஒன்று.
கப்பல் சாயும்போதெல்லாம்
தகரத்தில் முட்டி டக்கென்றது,
நிமிரும்போது இன்னொரு டக்.
தூக்கம் வரவில்லை.
எழுந்து அதை வெளியே எடுத்து
என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.