அறுபதாவது நிமிடம்

முழுப் புரதத்தோடு ஐந்து மாதம்.
சாயங்காலம் தெளிவு;
விடிந்தால் குழாயடியில் சுண்ணாம்புச் சேறு.

பிறகுதான் டிரிப்சின்.
ஆயிரத்தில் ஒரு பங்கு, பனிக்கட்டி மேல் வைத்து.
வெட்டு, ஆனால் மெல்ல.
ஐந்து நிமிடம். பத்து. முப்பது.
செக்காலை ரோட்டில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமி எழுந்தது;
உமையாள் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மறுநாள் ஜெல்லில் நீலம் வெளுக்க வெளுக்க
மேல்பட்டை காணாமல் போயிருந்தது.
கீழே கறை, சிதறல், ஏதேதோ.
நடுவில் ஒன்று மட்டும்
முப்பதிலும் அறுபதிலும்
இரவெல்லாம் விட்டுவைத்ததிலும்
அதே இடத்தில், அதே தடிப்பில்.

"இருபத்து மூன்று கிலோடால்டன்" என்றாள்,
பிறந்த பிள்ளைக்கு எடை சொல்வதுபோல.

வால் போய்விட்டது.
நூற்றுப் பத்து அமினோ அமிலம்,
எந்த உருவிலும் நிற்காதது.
இனி எல்லைக்குள் இருப்பதற்கு மட்டும் பிரைமர்;
பாக்டீரியா தாராளமாய்ச் செய்து தரும்,
படிகமும் வரலாம்.
படிகத்தில் அசையாதது மட்டுமே தெரியும்.

எனக்கு, தேவகோட்டை பஸ்ஸில் ஏறிய பிறகு,
அந்த வால் ஞாபகம்.
செல்லுக்குள் அது
யாரைத் தேடி
அப்படி அலைந்துகொண்டிருந்தது?