பட்டினத்துக்காரி

எங்கள் ஊர் காவேரிப்பட்டினம்.
காவேரி அங்கே ஓடவில்லை, ஓடுவது தென்பெண்ணை.
பட்டினம் என்றால் கடல் வேண்டும், அதுவும் இல்லை.
இரண்டு பொய்களையும் சேர்த்து
பாஸ்போர்ட்டில் அச்சடித்துத் தந்தார்கள்.

விசாரிக்க வந்த ஏட்டு கேட்டார்:
"ஸ்பெயின்ல யாரு இருக்காங்க?"
யாருமில்லை சார், கடல் இருக்கு.
"மாமல்லபுரத்துல இல்லாத கடலா?"
போண்டாவைக் கடித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது.
மாம்பழக்கூழ் ஆலையில் பரிசோதனைக்கூடம்.
பெங்களூரா லாரி லாரியாக வரும்.
ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டு
பிரிக்ஸ் எத்தனை என்று சொல்ல வேண்டும்.
பதினாலுக்குக் கீழே போனால் திருப்பி அனுப்பு.
நான் சரி என்று எழுதிய டிரம்கள்
பதினெட்டு வருஷமாய்க் கப்பல் ஏறின.
நான் கடலைப் பார்த்ததுகூட இல்லை.

மாலகாவில் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை.
கூட வந்தவள் டெஸ்பாட்ச் ஷம்ஷாத்.
டிக்கெட், அறை, டாக்ஸிக்காரனோடு சண்டை
எல்லாம் அவள் பொறுப்பு.
இரண்டு கோபுரம் நினைத்து
ஒன்றோடு நின்றுபோன தேவாலயத்தைப் பார்த்து
"காசு தீர்ந்திருக்கும்" என்றாள்,
தன் வீட்டு மாடியை நினைத்து.
கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரவு ஒரு நிலவறையில் ஆட்டம்.
கறுப்புப் பாவாடைக்காரிக்கு ஐம்பது தாண்டியிருக்கும்.
காலில் சலங்கை இல்லை,
பலகைத் தரைதான் சலங்கை.
அவள் ஒரு கையை உயர்த்தி
அப்படியே நின்றபோது
படுகளத்தில் துரியோதனன் தொடைமேல்
அடி விழப்போகும் நொடிபோல
வயிறு சுருண்டது.
ஷம்ஷாத் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.
நகத்தடம் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் கடல்.
சாம்பல் நிற மணலில்
மார்பைத் திறந்துபோட்டு வெயிலில் காய்ந்தார்கள் பெண்கள்.
ஒருவரும் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
ஒரு பழைய படகில் மண் நிரப்பி, தீ மூட்டி,
மத்தியைக் குச்சியில் கோத்துச் சுட்டார்கள்.
ஆளுக்கு ஆறு தின்றோம்.

சுடிதாரோடு இடுப்பளவுக்கு இறங்கினேன்.
எங்கள் ஆறு ஒரே பக்கமாக இழுக்கும்.
இது தள்ளிவிட்டுப் போய்,
எதையோ மறந்ததுபோலத் திரும்பி வந்தது.

கைப்பையில் பிரிக்ஸ் மானி இருந்தது.
ஏன் கொண்டுபோனேன், தெரியாது.
வீட்டுச் சாவியை எடுக்கிறவள் அதையும் எடுத்திருப்பேன்.
ஒரு சொட்டுக் கடலை விட்டு
வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன்.
நாலு. நாலுக்குக் கொஞ்சம் மேலே.
இவ்வளவு மட்டமான சரக்கு
என் மேசைக்கு வந்ததே இல்லை.
திருப்பி அனுப்பணும்.
எங்கே?
சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
தலைக்கு மேலே ஓர் அலை போனது.

இப்போது மே மாதம்.
லாரி வரிசை பாலம் வரை நிற்கிறது.
தணிக்கைக்கு வந்த பையன்
பதிவேட்டைப் புரட்டியவன் ஒரு பக்கத்தில் நின்றான்.
"மேடம், அக்டோபர்ல ஒரு என்ட்ரி.
மாலகா. நாலு புள்ளி ரெண்டு.
ஏற்கப்பட்டதுன்னு உங்க கையெழுத்து இருக்கு.
சப்ளையர் கையெழுத்தைக் காணோமே?"