கதவு பூட்டியிருந்தது

செக்கானூரணி கிளை நூலகத்தில்
அந்தப் புத்தகத்தைக் கடைசியாக ஒருவர் திருப்பித் தந்தது
நான் பிறப்பதற்கு முந்தைய மாசியில்.
அட்டை இல்லை. விலை நான்கு ரூபாய்.
வங்காளத்திலிருந்து தமிழுக்கு
யார் கொண்டுவந்தார் என்கிற பக்கத்தைப்
பூச்சி தின்றிருந்தது.
எழுதியவர் மட்டும் தப்பியிருந்தார்:
ஹரிபத மண்டல்.
ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற உத்தியோகம்.

எனக்கும் ஏறக்குறைய அதே பிழைப்பு.
புதன்தோறும் நீலப் பெட்டியில் ஐஸ் அடுக்கி
வாலாந்தூர் விலக்கில் இறங்கி நடப்பவள்.

அவருக்கு முழங்கால் சேறு.
குடை, தோல்பை, குத்துகிற கத்தி,
இருபத்தாறு வருஷம்.
பிள்ளையின் தோளைத் துடைத்தபடியே
எந்த அடுப்பில் மூன்று நாளாக வெறும் பொரி,
எவன் வயல் எவன் பெட்டியில் அடகு,
குளத்துக்குப் போன எந்த மருமகள்
திரும்ப நேரமாகிறது
எல்லாம் பார்த்துவைத்து
ராத்திரி பதிவேட்டைக் கவிழ்த்துப் போட்டு
எழுதுவார்.
முன்பக்கம் பிள்ளைகள் பெயர்.
பின்பக்கம் அவர்களைப் பெற்றவர்களின் வண்டவாளம்.
இப்படி ஒன்பது நாவல்.

மொழிபெயர்த்தவருக்கு ஏதோ அவசரம்.
அங்கே அம்மைத் தெய்வம் கழுதையில் வருகிறது.
இவர் அவளை மாரியாத்தா ஆக்கிவிட்டு
கழுதையை விரட்ட மறந்துவிட்டார்.
பேருந்தில் நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்து சீட்டுக்காரம்மா
பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கருமாத்தூர் தாண்டியதும் பின்னுரை.
அதில் சிரிப்பு இல்லை.

ஊரார் படித்தவன் ஒருவனைப் பிடித்து
முதல் நாவலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம்.
பெயர்களை மாற்றியிருந்தார்.
புளியமரத்தை மாற்றவில்லை.
அந்த மருமகளின் இடது கைத் தழும்பை மாற்றவில்லை.
மறுநாள் அவர் தெருவில் நுழைய
நாற்பது வீட்டிலும்
ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ப்பாள் விழுந்தது.

'கதவு பூட்டியிருந்தது' என்று
அன்றைக்குத்தான் முதன்முறையாக
உண்மையாக எழுதினேன், என்கிறார்.

அதற்கு முன் எழுதியவற்றில் பாதி பொய்.
திறந்த வீடுகள்தான் அவை.
உள்ளே உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறார்.
கேட்கக் கேட்க இருட்டியிருக்கிறது.
கத்தியை உறையிலிருந்து எடுக்காமலே
எழுந்து வந்திருக்கிறார்.
அப்படியொரு வீட்டில் கோகன் என்று ஒரு பையன்.
பங்குனியில் அம்மை போட்டது.

'நாவலில் அவனைப் பிழைக்க வைத்தேன்.'

அவ்வளவுதான். பின்னுரை அங்கேயே முடிகிறது.
மிச்சமிருப்பது
அச்சகத்தின் விலாசம், தெற்கு மாசி வீதி.

போன புதன் ஒச்சம்மா வீட்டில்
மூன்றாவது பெண்பிள்ளை, இரண்டாம் தவணை.
"அக்கா, ஒண்ணு சொல்லணும்.
நோட்டுல எழுதிறாதீக."
தொண்டை ஏறி இறங்கியது.
எனக்கோ காது நீண்டுவிட்டது.
கதை வருகிற வாசனை எனக்கும் தெரியும்.
என் பதிவேட்டுக்கும் பின்பக்கம் உண்டு,
கோடு போடாத வெள்ளை.

"முதல்ல ஊசி" என்றேன்.
குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.
தொடையைப் பிடித்தாள்.
பிள்ளை வீறிட்ட வீறலில்
கொல்லையில் ஆடுகள் எழுந்து நின்றன.
அட்டையில் தேதி, கையெழுத்து.
காய்ச்சல் வந்தால் சொட்டு மருந்து இவ்வளவு,
ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே,
எல்லாம் சொல்லி முடித்து
பெட்டியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்து
"இப்பச் சொல்லு."

அவள் சொன்னாள்.
அது இங்கே இல்லை.

வெளியே வரும்போது ஐஸ் முழுக்கத் தண்ணீர்.
அடுத்த வீட்டில் நிஜமாகவே பூட்டு,
சாவி ஓட்டிடுக்கில் தெரிந்தது.
கதவு பூட்டியிருந்தது என்று எழுதினேன்.
கை நடுங்கியது.
நாளைக்கு மறுபடி வரணும் என்று
பக்கத்தில் சிறியதாக எழுதி
இரண்டு கோடு போட்டேன்.