ரசம் கட்டுதல்

தொண்ணூறாவது மீட்டரில்
புகைபோக்கிக்கு ஒரு ஓட்டை உண்டு, உள்ளங்கை அகலம்.
அதற்குள் கண்ணாடிக் குழாயை நுழைக்கிறேன்.
சுண்டுவிரல் நீளம்,
உள்ளே அயோடின் ஏற்றிய கரி.
இரண்டு மணி நேரம் அது மூச்சை இழுக்கும்.
அதுவரை எனக்கு வேலை
கீழே பார்ப்பது:
அத்திப்பட்டு ரயில், கொசஸ்தலை,
நத்தை மாதிரி ஒரு ஃபைபர் படகு,
ஏழு இடத்தில் ஒட்டுப்போட்ட சாம்பல் குழாய்.

தால்சேரிலிருந்து கப்பலேறி வந்த நிலக்கரி.
டன்னுக்கு ஒரு கிள்ளு உப்பளவுகூட வராது
அதிலுள்ள பாதரசம்.
நாளொன்றுக்கு எட்டாயிரம் டன்.
கிள்ளுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தூசியை மின்தகடு இழுத்துக்கொள்ளும்.
கந்தகம் சுண்ணாம்புக் குழம்பில் மாட்டும்.
இது மட்டும் ஆவியாகி
யார் கையிலும் சிக்காமல் வெளியே போகும்.
சூதம் என்று பெயர் வைத்தவர்களுக்குத்
தெரிந்திருக்கிறது.
கட்டினால் மணி என்றார்கள்,
கட்டியதாகவும் சொன்னார்கள்.

நாங்கள் கட்டுவது கொட்டாங்கச்சிக் கரியால்.
காங்கேயத்து மூட்டை, முகப்பவுடர் போல் மிருது.
சஞ்சீவி சைலோ வால்வைத் திறந்தால்
புகைக்குள் அது பறக்கிறது.
ஒரு கரி அவிழ்த்து விட்டதை
இன்னொரு கரி ஓடிப் பிடிக்கிறது.
சஞ்சீவிக்குக் கண் இமைகூடக் கறுப்பு.

சோதனை ஓட்டம்தான்.
மூன்றாம் யூனிட் மட்டும், இருபத்தொரு நாள்.
முன்பு பதினொன்று புள்ளி நான்கு.
இப்போது இரண்டு புள்ளி ஒன்று.
இரண்டு நாள் காரணமில்லாமல் சிரித்தேன்,
ஷேர் ஆட்டோவில்கூட.

எண்ணூர் மார்க்கெட்டில் தேசம்மாவிடம் சொன்னேன்.
"புடிச்சிட்டோம்க்கா."
"இன்னாத்த?"
"பாதரசம். அஞ்சுல நாலு பங்கு."
மடவைக்குச் செதில் சீவியபடியே கேட்டாள்:
"புடிச்சத எங்க வெச்சிருக்கீங்க?"

கரி சாம்பலோடு விழுகிறது.
சாம்பல் குழாயில் ஓடுகிறது.
குழாய்
ஏழு ஒட்டு என்று சொன்னேனே.
எங்கள் வரைபடத்தில் கடைசி அம்புக்கு மேல்
'அகற்றல்' என்று எழுதியிருக்கும்.
அம்பு முனையோடு காகிதமும் முடிந்துவிடும்.

அரைக் கிலோ மடவை வாங்கினேன்.
தட்டு இறங்கியதும் எடையைச் சத்தமாகச் சொன்னாள்,
எனக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி.
பிடித்ததைத் தராசில் காட்ட வேண்டும்,
அவள் தொழிலில் அதுதான் முறை.

சாம்பலிலும் அளக்க அனுமதி கேட்டு
ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
மேலாளர் மேசையில், கண்ணாடி உருண்டைக்கு அடியில் இருக்கிறது.
போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன்.
ஓரம் பழுத்துவிட்டது.
நாளை காலை ஆறு மணிக்கு
மறுபடி ஏற வேண்டும்.