பாத்திரம் கழுவிய தண்ணீர்

கலாமாவில் நான் ஓட்டியது தண்ணீர் லாரி.
செம்புச் சுரங்கத்துப் பாதையில்
புழுதி எழாமலிருக்க
நாளுக்கு ஒன்பது நடை
தெளித்துக்கொண்டே போவேன்.
திரும்பி வரும்போது
தெளித்த சுவடே இருக்காது.
முப்பத்தெட்டு வயதுவரை நான் பார்த்த மழை
அக்கா நியேவெஸ் கணக்கில் நான்கு,
என் கணக்கில் மூன்று.
ஒன்று வெறும் தூறல்,
அதை எப்படிச் சேர்ப்பது?

ஒப்பந்தம் முடிந்தது.
தெற்கே, சிலோயே தீவில்,
சால்மன் மீன் ஏற்றும் லாரிக்கு ஆள் வேண்டுமென்றார்கள்.
அதே சிலே. அதே கொடி. அதே அடையாள அட்டை.
விசா கேட்கும் நாடாக இருந்திருந்தால்
ஒரு கையேடாவது கொடுத்திருப்பார்கள்.

முதல் வாரம் குடை வாங்கினேன்.
கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்,
ஆனாலும் விற்றார்.
படகுத்துறைத் திருப்பத்தில்
காற்று அதைப் புரட்டி
கம்பி கம்பியாக எண்ணிப் பார்த்தது.
அங்கே ஒருவர் கையிலும் குடை இல்லை என்பதை
அப்போதுதான் கவனித்தேன்.

பக்கத்து வீட்டுக்குப் போய்
முன்கதவைத் தட்டினேன்.
உள்ளே பெரிய சோபா ஒன்றை
இழுத்து நகர்த்தும் சத்தம்.
பிறகு தாழ்ப்பாளோடு போராடும் சத்தம்.
எர்மிந்தா மூச்சு வாங்க நின்று சிரித்தாள்.
இந்த ஊரில் எல்லோரும்
சமையலறை வழியாகத்தான் நுழைவார்கள்.
அவள் அதைச் சொல்லவில்லை.
சோபாதான் சொன்னது.

கலாமாவில்
கடைசித் துணியைக் கொடியில் போடுவதற்குள்
முதல் துணி காய்ந்துவிடும்.
இங்கே அடுப்புக்கு மேலே
மூன்று நாள் தொங்கிய சட்டை
புகை வாசனையை ஏற்றிக்கொண்டு
ஈரமாகவே இறங்குகிறது.
அந்த அடுப்புக்கும் நான் ஏமாந்தேன்.
விறகுக்காரன் ரெமிகியோ
ஒரு வண்டி பச்சை விறகை இறக்கிவிட்டுப் போனான்.
இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால்
காய்ந்தது கணீரென்னும்,
ஈரமானது பொத்தென்னும்.
எனக்கு அப்போது இரண்டும் ஒன்றுதான்.
தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறேன் என்று
வீடெல்லாம் புகைந்த பிறகு தெரிந்தது.
போகட்டும்,
தண்ணீருக்குக் காசு கொடுப்பது
எனக்குப் புதிதா என்ன?

ஆனால் இதை யாரிடமும் சொன்னதில்லை:
பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில்
இன்னும் ஒரு வாளி வைத்திருக்கிறேன்.
அங்கே அந்தத் தண்ணீர்
வாசலில் நின்ற ஒற்றை மொல்யே மரத்துக்குப் போகும்.
எங்கள் வீட்டில் எல்லோரும் குளித்ததும் கழுவியதும்
அதன் இலையில்தான் இருந்தது.
இங்கே வந்த முதல் மாலை
நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு
பின்வாசலில் இறங்கினேன்.
கொட்டுகிற மழை.
யாரையும் கேட்காமல் வளர்ந்து நிற்கும் புதர்கள்.
எங்கே ஊற்றுவது?
நான் நின்றுகொண்டேயிருந்தேன்.
வாளி வழியத் தொடங்கியது.
எதிர் ஜன்னலில் எர்மிந்தா என்னைப் பார்த்தாள்,
பிறகு மெதுவாகத் திரையை இழுத்துவிட்டாள்.
அது மரியாதை என்று புரிய
ஒரு குளிர்காலம் ஆனது.

போன ஞாயிறு அக்கா ஃபோனில் கேட்டாள்:
“அங்கே என்ன சத்தம்?”
“எந்தச் சத்தம்?”
“ஏதோ வறுக்கிற மாதிரி.”
“நான் ஒன்றும் வறுக்கவில்லையே.”
நிமிர்ந்து பார்த்தேன்.
தகரக் கூரை.
எந்த மாதத்திலிருந்து
இது எனக்குக் கேட்காமல் போனது?
கொஞ்சம் பயமாக இருந்தது,
என் பெயரை யாரோ கூப்பிட்டு
நான் திரும்பாமல் இருந்துவிட்டதைப் போல.

ஃபோனைக் கூரைக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன்.
இரண்டாயிரம் மைலுக்கு அப்பால்
ஒருத்தி மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.
கை வலித்தபோது இறக்கினேன்.
“பிடித்து வைக்கிறாயா, இல்லையா?”
என்று அதட்டினாள்.
“வாளி வைத்திருக்கிறேன்” என்றேன்.

பொய்யில்லை.
தொட்டிக்கு அடியில்
அது பாதி நிறைந்திருந்தது,
மேலே ஒரு முட்டைக்கோஸ் துணுக்கு மிதக்க.