தரப் பரிசோதனை

சூளகிரி ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஓர் அறை.
மேல் கட்டில் எனக்கு, ஃபேனுக்கு ரொம்பப் பக்கம்.
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து
தூக்கம் பிடிக்கும்வரை
இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்றில் இருப்பேன்.

நாகவேணியின் தம்பி ஏற்றிக் கொடுத்த கேம்.
தமிழ் எழுத்து கீழே ஓடும், பாதி தப்பாக.
"மனிதன் இனி உதிரிபாகம்" என்று
கரகரத்த குரலில் தொடங்கும்.
அந்த நகரத்தில் மழை விடுவதே இல்லை.
எங்கள் பென்னாகரத்துக்குக் கொஞ்சம் அனுப்பலாம்.

ஆளுவது ஓர் இயந்திரம். பெயர் அன்னை.
எத்தனை முறை இமைக்கிறாய் என்று எண்ணும்.
தெருவெல்லாம் அதன் கண்.
ஒரு கண்ணைத் தார் பூசி மூடினால் ஐம்பது பாயின்ட்.
இங்கே கேட்டில் செக்யூரிட்டி அக்கா
என் போனின் கண்ணில்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்.
பாயின்ட் கிடையாது.
உரித்ததை பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டி வைக்கிறேன்.
நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது.

என் வேலை குறை பார்ப்பது.
வெள்ளை விளக்கின் கீழ்
போனின் முதுகு ஒவ்வொன்றாய் வரும்.
கீறல், புள்ளி, விளிம்பில் பிசிறு.
ஒன்றுக்குப் பதினொரு நொடி.
பழகிய கண் அறைக்கு வந்தும் அணைவதில்லை.
தட்டை, சீப்பை,
மாப்பிள்ளை என்று அம்மா அனுப்பிய போட்டோவை
எல்லாவற்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறது.

ஏழாம் லெவலில் ஒரு தொழிற்சாலை.
அன்னைக்கு விரல் செய்யும் கூடம்.
நாற்பது பெண்கள் வரிசையாக.
இடது கை எடுக்கும், வலது கை திருகும்,
இடது கை எடுக்கும், வலது கை திருகும்.
ஓடிக் கடக்க வேண்டிய இடம்.
நின்றுவிட்டேன்.

நாற்பது பேருக்கும் ஒரே முகம்: குறை.
ஸ்க்ரூவை இடப்பக்கம் திருகுகிறார்கள்,
அது கழற்றும் பக்கம்: குறை.
பாத்ரூம் போக யாரும் கை தூக்கவில்லை.
கொட்டாவி இல்லை. கால் மாற்றி நிற்பதில்லை.
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஒருத்தியாவது நிற்க வேண்டாமா?
எல்லோருக்கும் பல் வெள்ளை.
எந்த ஊர்த் தண்ணீர் குடித்தார்கள் இவர்கள்?
என் பல்லில் பழுப்புக் கோடு உண்டு,
போர் தண்ணீர் போட்டது.
இன்டர்வியூவில் வாயை மூடிக்கொண்டே சிரித்தேன்.

இதை வரைந்தவன் கோபக்காரன், நல்லவன்.
இயந்திரத்தைப் பற்றி அவன் சொல்வதெல்லாம் சரி.
லைனில் மட்டும் ஒரு ராத்திரி நின்றதில்லை.

திரையில் எழுத்து வந்தது:
"குண்டை வை. வெளியேறு. அறுபது நொடி."
கூடம் வெடித்தால்தான் எட்டாம் லெவல்.
இந்தப் பெண்களை என்ன செய்வதென்று
கீழே ஓடும் தமிழில் எதுவும் இல்லை.
அறுபது நொடி என்றால் என் கணக்கில்
ஐந்து போன், கொஞ்சம் மிச்சம்.
கதவு தேடினேன்.
நான் வந்த துவாரம் ஒன்றுதான்,
அவர்களுக்கு வரையவில்லை.
பக்கத்தில் இருந்தவளிடம் போய்ப்
பேசும் பட்டனை அழுத்தினேன்.
இடது கை எடுத்தது. வலது கை திருகியது.
"பணி தோல்வி."

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.
குண்டு பையிலேயே கிடக்கிறது.
வரிசைக் கடைசியில் நாற்பத்தோராவதாக நின்று
நேரம் தீரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.
நாகவேணி கீழிருந்து எட்டிப் பார்த்தாள்.
"இன்னும் ஏழுலயா கெடக்கற?
தம்பி எப்பவோ முடிச்சிட்டான்."
"உள்ள ஆளுங்க இருக்காங்கடி" என்றேன்.
சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

வெளியே ஹைவேயில் தக்காளி லாரிகள்.
விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது.
கையில் போன் சுடுகிறது.
பழக்க தோஷம், திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தேன்.
கேமராவுக்குக் கீழே
மயிரிழை அளவு ஒரு கீறல்.
எவளோ ஒருத்தி இதைப் பார்த்திருக்கிறாள்.
பதினொரு நொடியும் பார்த்துவிட்டு
போகட்டும் என்று விட்டிருக்கிறாள்.