ஒன்பது மாடி நீளம்

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
பத்து தேத்ரி போட்டால் மேலே போகும்,
இறங்க இலவசம்.
விழுவதற்கு யாரம்மா வசூலிக்கிறார்கள் என்பார்
இரண்டாம் மாடி ஒத்தார்.
அவர் படியில்தான் போவார்.

ஞாயிறு இரவு, கட்டடம் அடங்கிய பிறகு,
உண்டியலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டுவேன்.
பேர் போடுவதில்லை.
பெரிய விஷயமும் இல்லை:
பல்மருத்துவரிடம் சொன்ன பொய்,
பால்கனியில் காயப்போட்ட போர்வை பறந்துபோய்
எதிர்க்கட்டட ஆன்டெனாவில் ஒரு வாரம் குடியிருந்தது,
நாற்பத்தாறு வயதில் சைக்கிள் பழகப் போய்
ரொட்டிக் கடைக்காரரை இடித்தது.

தரையிலிருந்து ஒன்பதுக்கு நாற்பத்தொரு நொடி.
அதற்குள் என் வாரம் முடிந்தாக வேண்டும்.
மூன்றாம் மாடிக்காரர்கள்
என் முடிவுகளைப் பார்த்ததே இல்லை.
அவர்களுக்கு நான்
எப்போதும் தொடங்கிக்கொண்டே இருப்பவள்.

யார் படிக்கிறார்கள்?
"போர்வை"க்கு அடியில் நகத்தால் ஒரு கீறல்.
ஏன் போர்வை?
ஒருமுறை காற்புள்ளி ஒன்றைத் திருத்தியிருந்தார்கள்,
பச்சை மையில்.
அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்
பேனா கடன் கேட்டேன்.
நான்கு நீலம், ஒரு கறுப்பு.
ஐந்தாம் மாடி ட்சியாலா பென்சிலை நீட்டி
நெஸ்தான், உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றாள்.

இன்னொரு நாள் அறிமுகமில்லாத ஒருவனோடு ஏறினேன்.
தாள் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.
சிரிக்க வேண்டிய வரி போயிற்று, சிரிக்கவில்லை.
சிரிக்கக்கூடாத இடத்தில் மூக்கிலிருந்து ஒரு காற்று.
எட்டிப் பார்த்தேன்.
கையில் தொலைபேசி.

பிப்ரவரியில் மின்சாரம் போன மாலை,
வெங்காயப் பையோடு படியேறுகிறேன்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
சுவருக்குள் யாரோ பேசும் சத்தம்.
ஜலதோஷம் பிடித்த குரல்,
ஆணா பெண்ணா தெரியவில்லை.

"அக்காவோடு பேசி நான்கு வருடம்.
காரணம் ஒரு சூப்புக் கரண்டி."

என் தாள்.
தொலைபேசி வெளிச்சத்தில், சத்தமாக,
பயத்துக்கு ஒரு துணையாக இருக்கலாம்.
முதல் தடவை வேடிக்கையாக வாசித்தது.
இரண்டாம் தடவை மெதுவாக.
மூன்றாம் தடவை பாதியில் நிறுத்தி,
இருமி,
தனக்குத்தானே சொன்னது:
"கரண்டியா இருக்காது."

பையின் பிடி விரலை அறுத்துக்கொண்டிருந்தது.
கீழே வைத்தால் சத்தம் கேட்டுவிடும்.
இத்தனை வருடம் தேடிய ஆள்
ஒரு கதவுக்கு அந்தப் பக்கம்.
உதவிக்கு யாரையாவது கூப்பிட வேண்டும் என்பதுகூடத்
தோன்றவில்லை எனக்கு,
வெட்கமாக இருக்கிறது சொல்ல.

வெளிச்சம் வந்தது. இரும்பு உறுமியது.
ஏழு.
எட்டு.
அங்கே நின்றது.
நான் இரண்டு படி ஏறி, ஒரு படி இறங்கி,
அங்கேயே நின்றேன்,
மேலே ஒரு கதவு மூடும்வரை.

எட்டாம் மாடியில் நான்கு வீடு.
பேனா கேட்டுப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு எட்டாம் மாடிக்கென்றே எழுத உட்கார்ந்தேன்.
வாக்கியங்கள் கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல் கிளம்பின,
ஒன்றுக்கும் செருப்பு பொருந்தவில்லை.
மூன்று தாள் கிழித்தேன்.
நாலாவதில்
"கரண்டி இல்லைதான்" என்று ஆரம்பித்து
நடந்ததை நடந்தபடி.
அக்கா சொன்னது. அதற்கு முன்னால் நான் சொன்னது.

கடிகாரம் வைத்து அளந்தேன்.
எட்டு மாடி வந்தது, ஒரு நொடி கூடக்குறைய.
அதற்கு மேல் தாள் வெறுமையாக இருக்கிறது.
ஒன்பதில் எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது,
மிச்ச ஒன்றில் நான்.